செகண்ட் பாடுகிறவள்

ஜூன் 9, திங்கள்

படத்துக்கு ஒரு டைரி என்பது என் வழக்கம். எடிட்டிங்குக்கு உட்காரும் நாளில் தொடங்குவேன், முதல் காட்சி போட்ட நாளில் மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். இதற்கு முன் எடுத்தவை எல்லாம் குறும்படங்கள் என்பதால் டைரிகளும் ஒல்லியானவை. இந்தப் படம் முழுநீளம். பெயர் ‘வெயிட்டிங் சார்ஜ்’. ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் கல்யாண மண்டபத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்கு வெளியே, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வெளியே காத்திருக்கும் ஒரே ஒரு நாள். ‘கதை எங்கே’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. காத்திருப்பதுதான் கதை.

கதை, கேமரா, எடிட்டிங், இசை எல்லாம் பியூலா தங்கம், அதாவது நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு ஆள் வைக்க வக்கில்லாதவர்களை இப்போது ‘சுயாதீனப் படைப்பாளி’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். காலையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறேன், சாயங்காலம் பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். மிச்ச நேரத்தில் சினிமா.

கதாநாயகன் என் அண்ணன் ஞானசீலன். நிஜத்திலும் வாடகைக் கார்தான் ஓட்டுகிறான். அதற்கு முன்னால் மெல்லிசைக் குழு வைத்திருந்தான். அவன் மெயின் வாய்ஸ், நான் கீபோர்டும் செகண்டும். கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்களுக்குச் செகண்ட் என்றால் தெரியும். மெட்டை ஒருவர் பாட, அதற்குக் கீழே இன்னொருவர் ஒட்டிக்கொண்டே வேறு சுரத்தில் போவார். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. நான் சின்ன வயதிலிருந்து செகண்ட்தான்.

போன் செய்தேன். ‘எடிட்டிங் ஆரம்பிச்சாச்சு’ என்றேன். ‘நல்லாப் பண்ணுட்டி’ என்றான். தொண்டை கரகரவென்றிருந்தது. ஏசியைத் திருப்பி முகத்தில் விட்டுக்கொண்டு வண்டியிலேயே தூங்குகிறவனுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்.

ஜூன் 14

இன்று வெட்டிய காட்சி: ஆஸ்பத்திரி வாசல். வண்டிக்குள் அண்ணன் தனக்குத் தானே பேசிக்கொள்கிறான், அப்புறம் மெதுவாகப் பாடுகிறான். கேமரா அவன் பக்கவாட்டில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். என்ன முகம்! ஒரு ரியாக்‌ஷனும் கொடுக்காமல் எல்லாவற்றையும் கொடுக்கிறான். நடிப்புப் பள்ளிக்குப் போனவர்கள் இதைப் பார்த்தால் பாதி ஃபீஸைத் திருப்பிக் கேட்பார்கள்.

மெர்சி மதினி மாங்காய் ஊறுகாய் கொண்டு வந்தாள். ‘ஒங்க அண்ணன் சோத்த பாதியிலயே வச்சுட்டு எந்திக்கான் பியூலா. முழுங்க முடியலங்கான்’ என்றாள். ‘வயசாகுது மதினி, ரசஞ்சோறு குடுங்க’ என்றேன். வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை. ஆள் நாளைக்கு வருகிறானாம்.

ஜூன் 21

முகுந்தன் மதுரையிலிருந்து கூப்பிட்டார். என் படங்களுக்கு சவுண்ட் அவர்தான். பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கெட்ட செய்திக்கு அறிகுறி.

‘அக்கா, வண்டிக்குள்ள எடுத்த சீன்ல எல்லாம் இன்னொரு வாய்ஸ் இருக்குக்கா.’

‘ரோட்டுச் சத்தமா இருக்கும்.’

‘ரோடு சுருதியோட பாடாதுக்கா. யாரோ முனகுறாங்க. பொம்பளக் குரல்.’

வண்டிக்குள் இருந்தது அண்ணனும் நானும் மட்டும். இடமில்லை என்று முகுந்தனை இறக்கிவிட்டு, ரெக்கார்டரைப் பின் சீட்டில் ஓடவிட்டு, மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவே கண்ணாடிக்கு மேலே ஒளித்து வைத்தது நான். வேண்டாம்க்கா என்று அந்த மனிதர் சொல்லத்தான் செய்தார்.

ஜூன் 22

நான் முனகவில்லை.

ஜூன் 23

ஹெட்போனில் கேட்டேன். நான்தான்.

ஒரு டேக்கில் இல்லை, எல்லா டேக்கிலும். அண்ணன் பேசும்போது பேச்சுக்குக் கீழே, பாடும்போது பாட்டுக்குக் கீழே, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று செகண்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். கேமராவைத் தோளில் வைத்தபடி! எனக்கே தெரியாமல்! கல்யாண வீடியோக்காரர் எவராவது இப்படிச் செய்திருந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்டியிருப்பேன்.

அவனுக்கும் எனக்கும் சேர்ந்து பாடுகிற பழக்கமே விட்டுப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. சினிமா என்று நான் சென்னைக்குப் போனேன், அவன் குழுவைக் கலைத்துவிட்டுக் கார் வாங்கினான். திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. பேசாமலிருப்பதில் எங்கள் குடும்பத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பிறகு என் தொண்டைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த உரிமை?

பரவாயில்லை. டப்பிங் பேசிவிட்டால் தீர்ந்தது. அவன் குரல், அவன் வசனம். ரெண்டு நாள் வேலை.

ஜூன் 25

மதுரைக்குப் போகுமுன் ஒத்திகை பார்க்கலாம் என்று அண்ணனை வரச் சொன்னேன். என் அறையில் அலமாரிக் கதவுகளைத் திறந்து, மேலே கம்பளியைத் தொங்கவிட்டு ஒரு டப்பிங் கூடு செய்திருந்தேன். உள்ளே நுழைந்து, ‘கல்லறை மாதிரில்லா இருக்குட்டி’ என்றான்.

குரல் வரவில்லை. ஜல்லி கொட்டுகிற சத்தம்தான் வந்தது. தண்ணி குடி என்றேன். இஞ்சி போட்டுக் கொடுத்தேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விரட்டினேன். படத்தின் கடைசி வசனத்தைப் பேசச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பும் சவாரிக்கார அம்மாவிடம் சொல்வது: ‘எறங்கும்மா, வீடு வந்தாச்சு.’ அதில் ‘எறங்கும்மா’ வரைக்கும் போய் நின்றுவிட்டான்.

‘இன்னைக்கு வேண்டாம் பியூலா.’

‘நீ முயற்சியே பண்ண மாட்டேங்குத.’

என்னைப் பார்த்தான். ‘ஆமா’ என்றான். கம்பளியை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனான். அவன் எதையும் மடித்து வைக்கிற ஆள் இல்லை.

ஜூலை 2

ரேஷனில் பச்சரிசி வந்திருக்கிறது. கீபோர்டு வகுப்பு ரத்து. மதினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டையில் சதை எடுத்துச் சோதித்ததே எனக்குத் தெரியாது. நான் இஞ்சி போட்டுக் கொடுத்த நாளுக்கு முந்தின நாள் எடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் சொன்ன வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 5

குரல்வளையையே எடுக்க வேண்டும். மதுரையில் ஆபரேஷன். கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. ‘பேச்சு?’ என்று மதினி கேட்டாள். ‘உயிரு முக்கியம்மா’ என்றார் டாக்டர். நல்ல மனுஷர். ஆனால் அது பதில் இல்லை.

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். படத்தில் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே. ‘என்னட்டி பாக்க? கேமராவ எடுத்துட்டு வரலியேன்னு இருக்கா?’ என்றான். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

கேரளத்தில் நடக்கும் ஒரு சின்னத் திரைப்பட விழாவுக்கு ரஃப் கட் அனுப்பியிருந்தேன். இன்று மெயில் வந்திருக்கிறது. படம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். செப்டம்பர் முடிவதற்குள் இறுதி வடிவம் வந்துவிட வேண்டும். ‘பின்னணியில் கேட்கும் தேவையற்ற ஒலிகள் அதற்குள் நீக்கப்பட்டுவிடும் என நம்புகிறோம்.’

தேவையற்ற ஒலி நான்.

ஜூலை 9

ஆபரேஷனுக்கு முன்னால் ஒருதரம் டப்பிங் பேசிப் பார் என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்படி எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். உண்மையில் கேட்டேன். மதினி என் முகத்தையே பார்த்தாள்.

அண்ணன் வந்தான். அவனே கம்பளியைத் தொங்கவிட்டான். பேசினான். வெறும் காற்று. திரையில் அவன் உதடு அசைய, கூட்டுக்குள் நிஜமான அவன் காற்றை ஊதிக்கொண்டிருந்தான். மூன்றாவது வசனத்தில் நானே நிறுத்தினேன்.

ஆகவே இந்த உலகத்தில் அவன் குரல் மிச்சமிருப்பது பழைய கேசட் சிலவற்றிலும் இந்தப் படத்திலும்தான். கேசட்டில் இருப்பது மற்றவர்களுடைய பாட்டு. படத்தில் இருப்பதுதான் அவன் குரல். அதன்மேல் நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 16

மதுரை. காலையிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. மதினி பைபிளில் சங்கீதப் புத்தகத்தைத் திறந்த பக்கத்திலேயே வைத்திருந்தாள், திருப்பவே இல்லை. முகுந்தன் டீ வாங்கி வந்து, குடிக்கச் சொல்லவும் தைரியமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

காத்திருப்பதைப் பற்றிப் படம் எடுத்தவள் நான். எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை.

நல்லபடியாக முடிந்தது.

ஜூலை 28

அண்ணன் போனில் தட்டினால் போன் அதை வாசிக்கிறது. முகுந்தனின் ஏற்பாடு. வாசிப்பது ஒரு பெண், செய்தி படிக்கிற தோரணை. அண்ணன் வேண்டுமென்றே நம்மூர்ப் பேச்சில் தட்டுகிறான். அவள் அதை அத்தனை பவ்யமாக உச்சரிக்கிறாள்.

‘ஏட்டி. காப்பியில. சீனி. போட்டியா. இல்ல. நெனப்பு. சினிமாவுல. இருக்கா.’

நர்ஸுகள் எல்லாம் இதைக் கேட்க இவன் கட்டிலுக்கு வருகிறார்கள். சிரிக்கும்போது அவனுக்குத் தோள் மட்டும் குலுங்குகிறது. அதற்குப் பழக எனக்குக் கொஞ்சம் நாளாகும்.

ஆகஸ்ட் 11

வீட்டுக்கு வந்துவிட்டான். கஞ்சி குடிக்கிறான். மதினி துவாரத்தைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாள். நானும் கற்றுக்கொண்டேன். வாஷிங் மெஷின் மறுபடி மக்கர்.

ஆகஸ்ட் 17

முனகலை மட்டும் உரித்தெடுக்க முகுந்தன் எல்லா மென்பொருளையும் போட்டுப் பார்த்துவிட்டார். முனகலைக் குறைத்தால் அண்ணன் குரலும் சேர்ந்து குறைகிறது. ‘ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கெடக்குதுக்கா. தனித்தனி ஆளு மாதிரியே இல்ல’ என்றார். செகண்ட் ஒழுங்காகப் பாடினால் அப்படித்தான் இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக, மோசமாகப் பாடியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 23

வழி ஒன்று: குரல் கலைஞர் ஒருவரை வைத்துப் பேச வைத்தோம். அருமையான குரல். அண்ணன் வாயைத் திறந்தால் விளம்பரத்தில் வரும் தகப்பனார் பேசுகிறார். வேண்டாம்.

வழி இரண்டு: பழைய கேசட்டையெல்லாம் கணினிக்குக் கொடுத்து அவன் குரலையே செய்துவிடலாம் என்றார் முகுந்தன். இப்போது அதெல்லாம் சுலபமாம். செய்து அனுப்பினார். கேட்டேன். அப்படியே அவன் குரல்! இது முடிந்தால் கதை முடிந்தது, விழாவுக்கு அனுப்பிவிடலாம்.

அவனிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்று போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். போனில் தட்டினான். அந்தப் பெண் வாசித்தாள்:

‘நல்லாத்தான். இருக்கு. குளிச்சு. பவுடர். போட்டு. பொண்ணு. பாக்க. போற. என்னைய. மாதிரி. இருக்கான்.’

மதினி கேட்டாள். ‘இவன் மூச்சே விடலயே’ என்றாள்.

மறுபடி கேட்டேன். விடவில்லைதான். அண்ணன் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். மூச்சுக்குக் கழுத்தில் வழி செய்துகொண்டு வந்திருக்கிறவன் வீட்டில் உட்கார்ந்து, மூச்சே விடாத அவன் குரலை எத்தனை நேரம் கேட்பது? அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

ஒரு வாரமாகப் படத்தைத் திறக்கவில்லை. கல்யாண வீடியோ மட்டும். மாப்பிள்ளை சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் கேமராக்காரன் தும்மியிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

செப்டம்பர் 4

இதை நிதானமாக எழுத வேண்டும்.

விழாவுக்கு வரவில்லை என்று மெயில் எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. அதற்கு முன் அண்ணனிடம் சொல்லலாம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். மத்தியானம். மதினி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘படம் அவ்வளவுதாண்ணே. உன் குரல் முழுக்க நான் முனகி வச்சிருக்கேன். எடுக்கவும் முடியல, வைக்கவும் முடியல.’

இதை அவனிடம் இத்தனை நாளும் சொல்லவில்லை. டப்பிங் ஏன் என்று அவன் கேட்டபோதெல்லாம் டெக்னிக்கல் கோளாறு என்றே சொல்லிவந்தேன். அவன் டிவியை அணைத்தான். போட்டுக் காட்டு என்று கையசைத்தான்.

ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் காட்சி. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் தன் சொந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல்தடவை. அதை நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அவன் முகம் மாறியது. அவன் கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது. பிடுங்கிவிடலாமா என்று நான் எழுந்தபோது, உட்காரு என்று சைகை செய்தான். திரையில் அவன் பாடத் தொடங்கினான்.

கண்ணாடி ஏத்திக் காத்திருக்கேன், வெயிலு எறங்கட்டும்
நீ கதவத் தொறக்கும் சத்தம் கேட்டா வண்டி கெளம்பட்டும்

நான் எழுதிய பாட்டு. இதில் செகண்ட் ஒரு வார்த்தை தள்ளித்தான் சேரும். மெயின் பாடுகிறவர் ‘கண்ணாடி’யை முடித்த பிறகுதான் செகண்ட் ‘கண்ணாடி’ என்று எடுக்கும். வரி முடிவில் மெயின் ஒரு மூச்சு நின்று கொடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர் வந்து சேர. மேடையில் அண்ணன் எப்போதும் அப்படி நிற்பான். எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதற்குப் புருவத்தைத் தூக்குவான். அவன் புருவத்தைப் பார்த்துப் பாடியே வளர்ந்தவள் நான்.

அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரிக்கிறான்! போனை எடுத்தான்.

‘இதையா. எடுக்கப். பாக்க.’

‘பின்ன? தப்பு இல்லியா?’

நிறைய நேரம் தட்டினான். அந்தப் பெண் தன் செய்திக் குரலில் வாசித்ததை நான் நிறுத்தங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்:

‘முத நாளே எனக்குக் கேட்டுச்சு. நீ கேமராவ வச்சுக்கிட்டு முனகுத. சொன்னா நிப்பாட்டிருவியேன்னுதான் சொல்லல. எனக்கு என்ன நடிக்கத் தெரியும்? நீ கீழ பாடுனா நான் மேல பாடுவேன். அது மட்டுந்தான் தெரியும். அதத்தான் செஞ்சேன்.’

திரையைக் காட்டினான். பாட்டின் முதல் வரி முடியும் இடம். அண்ணன் முகம் கண்ணாடிக்கு வெளியே பார்க்கிறது, ஒரு கணம் நிற்கிறது. நான் அதைத் தவிப்பு என்று நினைத்திருந்தேன். இயக்குநராக அந்த நொடியைப் பற்றி நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அது தவிப்பு இல்லை. நான் வந்து சேரட்டும் என்று நின்றிருக்கிறான். புருவத்தைக்கூடத் தூக்கியிருக்கிறான்! எடிட்டிங் மேசையில் நூறு தடவை பார்த்தேனே, எனக்குத் தெரியவில்லையே.

அப்போது கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை. ‘நான் போனதுக்குத்தானே குழுவக் கலைச்ச?’

அவன் தட்டினான். அந்தப் பெண் சொன்னாள்: ‘ரொம்ப. நெனப்பு. உனக்கு. எல்லா. வீட்டுலயும். டி. ஜே. வந்துட்டான். அதான்.’

அடுக்களையிலிருந்து மதினி சத்தமாகச் சொன்னாள். ‘அது மட்டுமில்ல பியூலா. செகண்டுக்கு வேற பிள்ள கூட்டிட்டு வந்து பாத்தான். நாலு கச்சேரி. மேடையில இவன் புருவத்தத் தூக்குவான், அந்தப் பிள்ள எதுக்கு மொறைக்கியன்னு கேக்கும்.’

மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன். எழுதிய மெயிலை அழித்தேன்.

செப்டம்பர் 6

முனகலை எடுக்கப்போவதில்லை. அதுதான் படத்தின் இசை.

படத்துக்கென்று நான் போட்டு வைத்திருந்த வயலின், புல்லாங்குழல் எல்லாவற்றையும் தூக்கியாகிவிட்டது. மெட்டு என்பது அண்ணன் பேச்சு. அதன் செகண்ட் ஏற்கெனவே ஒலித்தடத்தில் இருக்கிறது. நான் செய்ய வேண்டியது, அண்ணன் பேசாமல் இருக்கும் இடங்களில் அந்த முனகல் எங்கே போயிருக்குமோ அங்கே அதைக் கொண்டுபோவது மட்டும். மண்டப வாசலில், ஆளில்லாத சீட்டில், ரியர்வ்யூ கண்ணாடியில். அங்கெல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டு பாடி ரெக்கார்ட் செய்கிறேன். தெரிந்தே முனகுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அண்ணனை எதிரே உட்கார வைத்தால்தான் வருகிறது. அவன் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேரம் வந்தால் தலையைத் திருப்பாமலே புருவத்தைத் தூக்குகிறான்.

செப்டம்பர் 19

முகுந்தன் மிக்சிங் முடித்து அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். ‘அக்கா, மொத ரீல்ல யாரோ கூட இருக்காங்கன்னு மட்டும் தெரியுது. கடைசி ரீல்ல அது யாருன்னும் தெரிஞ்சுருது. இதைப் போயி மூணு மாசமா நான் கழட்டப் பாத்திருக்கேன்.’ தொண்டையைக் கனைக்கவே இல்லை.

செப்டம்பர் 26

அனுப்பியாகிவிட்டது. வாஷிங் மெஷினை விற்றுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். கையால் துவைத்து முதுகு விட்டுப்போகிறது.

அக்டோபர் 30

தேர்வாகியிருக்கிறது. பிற்பகல் காட்சி, சின்ன அரங்கு. ‘மனிதக் குரலை மட்டுமே வைத்து உருவாக்கிய துணிச்சலான ஒலி வடிவமைப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். துணிச்சலாம்! அண்ணன் அதைப் போனில் தட்டி அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி வாசிக்க வைத்துச் சிரித்தான்.

மதுரையில் பரிசோதனை. சுத்தமாக இருக்கிறதாம். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

டிசம்பர் 6, சனி

விழா வரும் வாரம். ஆனால் என் படத்தின் முதல் காட்சி எப்போதும் நம்ம ஊரில்தான். சாயங்காலம் கோயில் பக்கத்து மண்டபத்தில் திரையைக் கட்டினேன். கார் ஸ்டாண்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். புரொஜெக்டரை அண்ணன் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினான். போன வாரம்தான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

காட்சிக்கு முன்னால் கொஞ்ச நேரம் கீபோர்டு வாசிப்பது என் வழக்கம். ஆட்களை உட்கார வைக்க ஒரு தந்திரம், அவ்வளவுதான். வாசித்தேன், படம் ஓடியது. ஸ்டாண்டுக்காரர்கள் சிரிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் முன்னாலேயே சிரித்தார்கள், அவர்களுக்குத்தான் அடுத்து என்ன வருமென்று தெரியுமே. ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். ‘எறங்கும்மா, வீடு வந்தாச்சு’ என்று அண்ணன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். அவன் கடைசி வரிசையில் கை கட்டி நின்று, வேறு யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

விளக்கு போட்டதும் கைதட்டல். அப்புறம் முன்வரிசையிலிருந்து டிரைவர் மாசானம் எழுந்து, ‘சீலன் அண்ணாச்சி, அந்தப் பாட்ட இன்னொரு மட்டம் பாடுங்க’ என்று கத்தினார். கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் நடந்து வந்தான். கீபோர்டுக்குப் பக்கத்தில், மேடையில் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான். என்னைப் பார்த்து வாசி என்று தலையசைத்தான்.

வாசித்தேன். புருவத்தைத் தூக்கினான். நான் சேர்ந்தேன், பழக்கதோஷத்தில் செகண்டில். மேலே ஒன்றும் இல்லாமல் அது தனியாக, அஸ்திவாரம் மட்டும் போட்ட வீடு மாதிரி நின்றது. அண்ணன் தலையை ஆட்டினான். ஆள்காட்டி விரலை மேலே காட்டினான்.

மேலே. நான் மேலே பாடியதே இல்லை.

மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். புருவம் தூக்கினான். எடுத்தேன். ‘கண்ணாடி’ என்ற வார்த்தையில் குரல் கொஞ்சம் பிசிறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. சுமாராகத்தான் பாடினேன். ஆனால் பாடினேன்.

இரண்டாவது வார்த்தைக்குப் போகும்போது அவன் வாயைப் பார்த்தேன். உதடு அசைந்தது. என்னோடு சேர்ந்து அசைகிறதென்று நினைத்தேன். இல்லை. நான் ‘ஏத்தி’க்குப் போன பிறகு அவன் உதடு ‘கண்ணாடி’ என்றது. நான் ‘காத்திருக்கேன்’ என்றபோது அவன் ‘ஏத்தி’ என்றான். சத்தமே இல்லாமல், ஒரு வார்த்தை தள்ளி, என் அண்ணன் எனக்குச் செகண்ட் பாடிக்கொண்டிருந்தான்.

வழக்கப்படி டைரியை இன்றோடு மூடுகிறேன். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு. வரி முடியும் இடத்தில், அவன் வந்து சேரும்வரை, நான் ஒரு மூச்சு நின்றேன்.